மென்பொருள் புத்தொழிலும் காப்புரிமையும்: முதலீட்டாளர் நோக்கில் சில விளக்கங்கள்

முன்னுரை

மொழிக்கழகத்தின் பொதுச் சொற்பொழிவு வரிசையில் இலக்கியமும் இலக்கணமும் இடம்பெறுதல் இயல்பு. தொழில் முதலீட்டையும் காப்புரிமைச் சட்டத்தையும் பற்றிய விளக்கம் இவ்வரிசையில் எதற்கு என்னும் வினா வாசகர்க்கு எழலாம். இதற்கு நாம் இரண்டு காரணங்களைக் கூறுவோம். முதலாவது, நம் மாணவர்கள் இன்று மென்பொருளைப் பயன்படுத்துவோராக மட்டும் இல்லை. அதனை ஆக்குவோராகவும் மாறி வருகின்றனர். இரண்டாவது, காப்புரிமை என்பது கருவிகளைப் பற்றியதாகத் தோன்றினும் அடிப்படையில் சொற்களைப் பற்றியது. ஒரு சொல்லின் பொருள் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதைப் பொறுத்தே கோடிக்கணக்கான பணம் கைமாறுகிறது.

கெடா மாநிலத்தின் கோலமூடா மாவட்டத்தில், சுங்கைப் பட்டாணியை அடுத்துள்ள புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில், தாத்தா பாட்டியர் பால் வெட்டிய குடும்பங்கள் பல உள்ளன. அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பீடோங் அருகே செமிலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் கணினியும் பொறியியலும் கற்கும் காலம் இது. இத்தகைய மாணவர்களிடம் தொழில் முனைவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரே வினா முதலில் வந்து நிற்கும்: “எங்கள் எண்ணத்தை வெளியே சொன்னால் வேறு யாரேனும் எடுத்துக்கொள்ள மாட்டார்களா? முதலில் காப்புரிமை வாங்கிவிட வேண்டாமா?”

இவ்வச்சம் பழிக்கத்தக்கதன்று. கைப்பொருள் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்குத் தன் எண்ணம் ஒன்றே மூலதனம். எனினும், இவ்வச்சத்தால் இரண்டு வகையான இழப்பு நேர்கிறது. சிலர் எண்ணத்தைப் பூட்டி வைத்து, எவரிடமும் காட்டாமல், அது பழுதடையும் வரை காத்திருக்கின்றனர். சிலர் குடும்பத்தின் சேமிப்பைப் பதிவுக் கட்டணத்திற்கும் முகவர் கட்டணத்திற்கும் செலவிட்டுவிட்டுப் பொருளை ஆக்கப் பணமின்றி நிற்கின்றனர். முதலீட்டாளர்கள் இவ்வினாவை எவ்வாறு நோக்குகின்றனர் என்பதை அறிந்தால் இவ்விரண்டு இழப்பையும் தவிர்க்கலாம். அதற்கே இவ்விளக்கம்.

1. நான்கு வகைப் பாதுகாப்பு

பேச்சுவழக்கில் ‘காப்புரிமை’ என்னும் ஒரே சொல்லால் நாம் பலவற்றைக் குறிக்கிறோம். சட்டமோ நான்கனைப் பிரித்துக் காண்கிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இவற்றை விளங்கிக்கொள்வோம். மாணவி ஒருத்தி தமிழ்ப் பிழைதிருத்தி ஒன்றை ஆக்குகிறாள் எனக் கொள்வோம்.

அவள் எழுதிய நிரல்வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளுள் ஒன்றாகவே வைத்துக் காக்கிறது. கவிதை எழுதியவர்க்கு எவ்வாறு விண்ணப்பமின்றி உரிமை பிறக்கிறதோ, அவ்வாறே நிரலை எழுதியவுடன் உரிமை பிறக்கிறது. எனினும், இவ்வுரிமை எழுத்து வடிவைக் காக்குமேயன்றி எண்ணத்தைக் காப்பதில்லை. வேறொருவர் அவளுடைய நிரலைப் பாராமல் தாமாகவே எழுதி, அதே பணியைச் செய்யும் பிழைதிருத்தியை ஆக்கினால் பதிப்புரிமை தடுக்காது.

அவள் தன் மென்பொருளுக்கு இட்ட பெயரும் முத்திரையும் வணிகச் சின்னச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறலாம். அவள் பல ஆண்டுகள் தொகுத்துப் பிறர்க்குக் காட்டாது வைத்திருக்கும் சொற்பட்டியல் தொழில் மறைபொருள் ஆகும். உடன் பணியாற்றுவோரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தமே அதற்கு முதற்காவல். சந்திப் பிழையைக் கண்டறிய இதுவரை எவரும் கையாளாத தொழில்நுட்ப முறை ஒன்றை அவள் கண்டுபிடித்திருந்தால், அதற்கு மட்டுமே காப்புரிமை கேட்கும் வாய்ப்பு எழுகிறது.

‘தமிழுக்கு ஒரு பிழைதிருத்தி வேண்டும்’ என்னும் வெறும் எண்ணம் இந்நான்கனுள் எதிலும் அடங்காது. மாணவர்கள் அஞ்சிக் காப்பது பெரும்பாலும் இவ்வெண்ணத்தையே. சட்டம் எவருக்கும் உடைமையாக்காத ஒன்றைப் பூட்டி வைப்பதால் பயனில்லை என்பது முதற் பாடம்.

2. காப்புரிமை ஒரு பரிமாற்றம்

காப்புரிமையைப் பரிசு என்றோ பட்டம் என்றோ கருதுதல் பிழை. அது அரசுக்கும் கண்டுபிடித்தவர்க்கும் இடையே நிகழும் பரிமாற்றம். விண்ணப்ப நாள் தொடங்கி 20 ஆண்டுகளுக்குப் பிறர் அதனைச் செய்யாதவாறு தடுக்கும் உரிமையை அரசு தருகிறது. அதற்கு ஈடாக, துறையறிந்த பிறர் அதனைப் படித்துச் செய்துகொள்ளும் அளவுக்குக் கண்டுபிடித்தவர் தம் முறையை முழுமையாக எழுதி வெளியிட வேண்டும். மலேசியாவில் விண்ணப்பம் 18 திங்கள் கழிந்ததும் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படுகிறது. ஆகவே மறைத்துக் காக்க விரும்புவோர்க்குக் காப்புரிமை உரிய வழியன்று. அது வெளிப்படுத்திக் காக்கும் வழி.

1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மூன்று தகுதிகளை வேண்டுகிறது. கண்டுபிடிப்பு உலகில் எங்கும் முன்னர் வெளிப்படாத புதுமை உடையதாக இருத்தல் வேண்டும். துறையறிந்தவர் எளிதில் எட்டிவிட முடியாத கண்டுபிடிப்புப் படி அதில் இருத்தல் வேண்டும். தொழிலில் பயன்படத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். இவ்வுரிமைக்கு எல்லை நாட்டின் எல்லையே. கோலாலம்பூரில் பெற்ற காப்புரிமை சென்னையிலோ சிங்கப்பூரிலோ செல்லாது. அந்தந்த நாட்டில் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். செலவு பெருகுவதற்கு இது முதன்மைக் காரணம்.

விண்ணப்பத்தின் உயிர்நிலை ‘கோரிக்கை’ எனப்படும் பகுதியாகும். எனக்கு உரியது இதுவரை, இதற்கு அப்பால் அன்று என எல்லை வகுக்கும் வாக்கியங்கள் அவை. நூலுக்குரிய பத்துக் குற்றங்களை நன்னூல் வகுக்கும்போது குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் சேர்த்துள்ளமை தமிழாசிரியர்கள் அறிந்ததே. காப்புரிமைக் கோரிக்கைக்கும் இவ்விரண்டும் குற்றங்களே. மிகைபடக் கூறினால், பழைய கண்டுபிடிப்பு ஏதேனும் அவ்வெல்லைக்குள் அகப்பட்டுக் கோரிக்கை முழுவதும் வீழும். குன்றக் கூறினால், போட்டியாளர் ஓர் உறுப்பை மாற்றி எல்லைக்கு வெளியே எளிதில் நடந்துவிடுவார்.

3. ரப்பர் தரும் பாடங்கள்

மென்பொருளுக்குச் செல்லும் முன், நம் வட்டாரம் நன்கறிந்த பொருளாகிய ரப்பரின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். காப்புரிமையால் ஆவதும் ஆகாததும் அவ்வரலாற்றில் தெளிவாகத் தெரிகின்றன.

இயற்கை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதி பெறும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். அமெரிக்கக் காப்புரிமை 1844இல் அவருக்குக் கிடைத்தது. இங்கிலாந்திலோ தாமஸ் ஹான்காக் முந்திக்கொண்டார். குட்இயரின் மாதிரித் துண்டுகளைக் கண்டு ஆராய்ந்த பின் அவர் விண்ணப்பித்து அந்நாட்டு உரிமையைப் பெற்றார். குட்இயர் தம் உரிமையை மீறியோர்மீது வழக்குமேல் வழக்குத் தொடுத்தார். 1852இல் நடந்த பெருவழக்கில் புகழ்பெற்ற வழக்கறிஞரான டேனியல் வெப்ஸ்டர் அவருக்காக வாதிட்டு வென்றார். அவ்வளவு வென்றும், 1860இல் இறந்தபோது குட்இயர் ஏறத்தாழ 200,000 டாலர் கடனை விட்டுச் சென்றார். அவர் பெயரைத் தாங்கிய சக்கர நிறுவனம் 1898இல் வேறு சிலரால் தொடங்கப்பட்டது. அவர் குடும்பத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை.

இரண்டாவது வரலாறு ஜான் பாய்டு டன்லப்பினுடையது. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த அவர் காற்றடைத்த சக்கரத்திற்கு 1888இல் காப்புரிமை பெற்றார். ஓரிரு ஆண்டுகளிலேயே அது செல்லாது என்றாயிற்று. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845இலேயே அதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தமை தெரியவந்தது. தாம்சனின் காலத்தில் மிதிவண்டி பரவவில்லை. வாங்குவோர் இல்லாமையால் கண்டுபிடிப்பு உறங்கியது. டன்லப்பின் காலத்தில் மிதிவண்டி மோகம் எங்கும் எழுந்திருந்தது. மூலக் காப்புரிமை வீழ்ந்தும் அவர் பெயரிலான நிறுவனம் வீழவில்லை. சக்கரத்தை விளிம்பில் பொருத்தும் முறைகளின் உரிமைகளை வாங்கியும், ஆலைகளை விரிவாக்கியும், சந்தையில் முந்தி நின்றும் அது வளர்ந்தது.

மூன்றாவது வரலாறு நமக்கு இன்னும் அணுக்கமானது. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மெல்லச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறந்து பாலெடுக்கும் முறையை உருவாக்கினார். அதற்கு அவர் வேலியிடவில்லை. எழுதி வெளியிட்டார், விதைகளையும் தோட்டக்காரர்களிடம் வலிந்து கொடுத்தார். மலாயாவின் ரப்பர்த் தொழில் அதன்மேல் எழுந்தது. முறை எல்லார்க்கும் தெரிந்திருந்தது. ஆயினும் மரத்தின் உள்ளுயிரைத் தொடாமல் நாளும் ஒரே ஆழத்தில் வெட்டும் கை எல்லார்க்கும் வாய்க்கவில்லை. மங்கில் பால் நிறைந்தது அக்கையால்தான். தோட்டத்தின் வருவாய் அக்கைக்கு உரிய பங்காகச் சேரவில்லை என்பதையும் இங்கே மறவாது குறித்தல் வேண்டும். முறை திறந்திருப்பது நன்று. உழைத்தவர்க்குப் பங்கு எழுதப்படாமல் இருப்பது நன்றன்று.

4. மென்பொருளுக்குக் காப்புரிமை கிடைக்குமா?

இதற்கு ஒரே விடை இல்லை. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. ஒரே நாட்டில் காலத்திற்குக் காலமும் வேறுபடுகிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் எண்களை ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்றும் கணிப்பு முறைக்குக் காப்புரிமை மறுத்தது. வெறும் கணக்கை ஒருவர் உடைமையாக்குதல் கூடாது என்பது அதன் கருத்து. 1981இல் வேறொரு வழக்கில் அந்நீதிமன்றம் வழி திறந்தது. அவ்வழக்கு ரப்பரைப் பற்றியது. அச்சுக்குள் இருக்கும் ரப்பரின் வெப்பத்தைக் கணினி இடைவிடாது அளந்து, பதமாகும் நேரத்தை ஓயாது கணித்து, உரிய கணத்தில் அச்சைத் திறக்கும் முறைக்கே காப்புரிமை கேட்கப்பட்டது. கணக்கு பழையதாயினும், அது பொருளை மாற்றும் தொழிற்செயலின் உறுப்பாக இருப்பதால் உரிமை தரலாம் என ஐவர்க்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. குட்இயர் தொடங்கிவைத்த அதே பதப்படுத்தலே மென்பொருள் காப்புரிமைக்கும் வாயிலாயிற்று.

அவ்வாயில் வழியே பின்னர்ப் பலவும் நுழைந்தன. ஒரே சொடுக்கில் பொருள் வாங்கும் முறைக்கு அமேசான் நிறுவனம் 1999இல் காப்புரிமை பெற்று, அவ்வாண்டே போட்டி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. பொருள் எதையும் ஆக்காது காப்புரிமைகளை மட்டும் கையில் வைத்துப் பிறரிடம் பணம் கோரும் நிறுவனங்களும் தோன்றின. பிளாக்பெர்ரி தொலைபேசியை ஆக்கிய கனடா நிறுவனம் அத்தகைய வழக்கொன்றைத் தீர்க்க 2006இல் 612.5 மில்லியன் டாலர் செலுத்தியது. இறுதியில் 2014இல் உச்ச நீதிமன்றம், பழைய கருத்தொன்றைப் பொதுவான கணினியில் செய்தல் மட்டுமே கண்டுபிடிப்பாகாது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் பல மென்பொருள் காப்புரிமைகள் வீழ்ந்தன.

ஐரோப்பிய உடன்படிக்கை கணினி நிரலை ‘அந்நிலையிலேயே’ கண்டுபிடிப்பாகக் கொள்வதில்லை. இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவும் கணித முறை, வணிக முறை, கணினி நிரல் ஆகியவற்றை விலக்குகிறது. 2004ஆம் ஆண்டின் இறுதியில் வந்த அவசரச் சட்டம் இவ்விலக்கைத் தளர்த்த முயன்றது. எதிர்ப்பு எழுந்தமையால் 2005இல் நாடாளுமன்றம் அதனை ஏற்கவில்லை. தொழில்நுட்ப விளைவைத் தரும் கண்டுபிடிப்பை, அது நிரலைச் சார்ந்தது என்பதற்காகவே ஒதுக்கக்கூடாது என டில்லி உயர் நீதிமன்றம் 2019இல் கூறியது. மலேசியச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கணித முறைகளையும், வணிகம் செய்யும் திட்டங்களையும், மனத்தால் மட்டும் செய்யும் செயல்களையும் விலக்குகிறது. ஆகவே இங்கும் நிரலால் விளையும் தொழில்நுட்பப் பயனையே எடுத்துக்காட்ட வேண்டும்.

5. முதலீட்டாளர் எதனைக் காண்கிறார்?

துணிகர முதலீட்டாளர் என்பவர் வங்கியாளர் அல்லர். அவர் அடகு கேட்பதில்லை, வட்டியும் கேட்பதில்லை. நிறுவனத்தில் பங்கு பெற்று, அது பன்மடங்கு வளர்ந்தால் அப்பங்கினை விற்று ஊதியம் அடைகிறார். அவர் பணம் இட்ட பல நிறுவனங்கள் தோற்கும். சில போட்ட பணத்தை மட்டும் மீட்டுத் தரும். ஒன்றோ இரண்டோ பெருவெற்றி பெற்று மற்றவற்றின் இழப்பை ஈடுசெய்யும். ஆதலின் இந்நிறுவனம் தோற்காதா என்பதைவிட, வென்றால் எவ்வளவு பெரிதாகும் என்பதே அவர் வினா.

இந்நோக்கில் அவர் முதலில் காண்பது ஆட்களை. அடுத்து, தீர்க்கப்படும் இடர் எத்தனை பேருடையது என்பதையும், இப்பொழுதே பயன்படுத்துவோர் எத்தனை பேர் என்பதையும் காண்கிறார். காப்புரிமை இவற்றுக்குப் பின்னரே வருகிறது. அமெரிக்காவில் 1,300க்கும் மேற்பட்ட இளம் தொழில்நுட்ப நிறுவனங்களிடம் பெர்க்கிலி ஆய்வாளர்கள் 2008இல் நடத்திய ஆய்வில், மென்பொருள் நிறுவனத்தார் தம் போட்டி வலிமைக்கு முதற்காரணமாகச் சந்தையில் முந்துதலைக் கூறினர். காப்புரிமையைக் கடைசியில் வைத்தனர். மருத்துவக் கருவிகளையும் உயிரியல் மருந்துகளையும் ஆக்குவோரோ காப்புரிமையை மேலே வைத்தனர்.

இவ்வேறுபாட்டின் காரணத்தைக் கெடா மாநிலத்திலிருந்தே விளக்கலாம். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. அங்கே மின்னணுச் சில்லு செய்யும் ஆலையை அமைக்கப் பெரும் பணமும் பல ஆண்டும் வேண்டும். ஆக்கிய முறை வெளிப்பட்டால் இழப்பு பெரிது. சில்லின் தலைமுறை மாறவும் ஆண்டுகள் ஆகும். அங்கே 20 ஆண்டு உரிமைக்குப் பொருள் உண்டு. மென்பொருளோ வாரந்தோறும் மாறுகிறது. விண்ணப்பம் ஆராயப்பட்டு உரிமை கைக்கு வரும் காலத்தில், அம்முறையை ஆக்கியவரே கைவிட்டிருக்கக்கூடும்.

புதிய எண்ணமே வெற்றி தரும் என்பதும் உண்மையன்று. 2012இல் மலேசியாவில் ‘மைதெக்சி’ என்னும் பெயரில் தொடங்கி இன்று ‘கிரேப்’ என வழங்கும் நிறுவனம், கைப்பேசியில் வண்டி அழைக்கும் எண்ணத்தை முதலில் கண்டதன்று. அமெரிக்காவில் ஊபர் முன்னரே இருந்தது. இங்குள்ளோர் பலர் கடனட்டை இன்றி ரொக்கம் கொடுப்பவர்கள் என்பதையும், வாடகைக்கார் ஓட்டுநர்களோடு சேர்ந்து இயங்க வேண்டும் என்பதையும் அறிந்து அது நடந்தது. சென்னையில் கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010இல் தொடங்கிய ‘ஃபிரெஷ்டெஸ்க்’ வாடிக்கையாளர் குறைகளைக் கையாளும் மென்பொருள்; அத்துறையில் முன்னரே பலர் இருந்தனர். 2011இல் அக்செல் நிறுவனம் அதில் முதலிட்டது. ‘ஃபிரெஷ்வொர்க்ஸ்’ எனப் பெயர் மாற்றம் பெற்று, 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. திருச்சியில் வளர்ந்த கிரிஷ் இன்று தாமும் பிற இளம் நிறுவனங்களில் முதலிடுபவராக விளங்குகிறார்.

வெளியார் முதலீடே வேண்டா என்று வளர்ந்த நிறுவனமும் உண்டு. 1996இல் ‘அட்வென்ட்நெட்’ எனத் தொடங்கிய ஜோகோ, துணிகர முதலீட்டை ஏற்காமலே உலகளாவிய நிறுவனமாயிற்று. தென்காசி அருகே மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் அது அலுவலகம் அமைத்து, ஊர்ப்பிள்ளைகளுக்குப் பயிற்சியளித்து நிரல் எழுத வைத்தது. ஜோகோவுக்கும் ஃபிரெஷ்வொர்க்ஸுக்கும் இடையே 2020இல் அமெரிக்க நீதிமன்றத்தில் எழுந்து 2021இல் இணக்கமாக முடிந்த வழக்கின் பொருள் காப்புரிமை அன்று, தொழில் மறைபொருள். மென்பொருள் உலகில் காக்கப்பட வேண்டியது எது என்பதற்கு இதுவும் சான்று.

இதனால் காப்புரிமை முற்றும் வீண் எனக் கொள்ளலாகாது. கூகுளின் தேடல் முறைக்கு 1998இல் விண்ணப்பிக்கப்பட்ட காப்புரிமை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திற்கு உரியது. அம்முறையைப் பயன்படுத்தும் உரிமைக்காகக் கிடைத்த பங்குகளை விற்றுப் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 336 மில்லியன் டாலர் பெற்றது. நெடுங்கால ஆராய்ச்சியில் விளைந்த ஆழ்ந்த முறைக்குக் காப்புரிமை பொருந்தும். பெருநிறுவனம் வழக்குத் தொடுக்கும்போது எதிர்வழக்குக்கும், நிறுவனத்தை விற்கும்போது விலை பேசவும் அது துணையாகும். அது வளர்ந்தபின் தேடும் துணை. பிறக்கும்போதே வேண்டிய மூச்சன்று.

6. தமிழ்க் கணிமை கற்ற பாடம்

பூட்டுவதன் இழப்பு நம் மொழிக்கே நேர்ந்ததுண்டு. 1980களிலும் 1990களிலும் தமிழ் எழுத்துருக்களை ஆக்கியோர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு குறியேற்ற முறையை வைத்திருந்தனர். ஒருவர் எழுத்துருவில் தட்டிய கட்டுரையை வேறொருவர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். இதற்குக் காப்புரிமை காரணமன்று. பொதுமுறை இன்மையே காரணம். ஆயினும் விளைவு பூட்டின் விளைவே. இதழ்களும் பள்ளிகளும் தட்டச்சு செய்து வைத்தவை பல, அவ்வெழுத்துரு மறைந்தபோது படிக்க முடியாதனவாயின.

இதிலிருந்து மீள உலகத் தமிழர் கூடினர். 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ்நெட் மாநாடு நடந்தது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை பொதுமுறையாயிற்று. 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. 1991 முதலே தமிழைக் கொண்டிருந்த யுனிகோடு மெல்ல மெல்லப் பொதுவழக்கானது.

இவ்வரலாற்றில் மலேசியரான முத்து நெடுமாறனின் பணி சிறப்பாகக் குறிக்கத்தக்கது. 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய அவர், பொதுக் குறியேற்றத்திற்கான முயற்சிகளிலும் பங்கேற்றார். கைப்பேசிக்குச் செல்லினத்தை ஆக்கினார். அவருடைய இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளோடு வருகிறது. குறியேற்றம் எல்லார்க்கும் பொதுவாயிற்று. எழுத்தின் வடிவும் அதனை ஆக்கும் திறனும் அவருடையனவாகவே நின்றன. பொதுவாக்க வேண்டியதைப் பொதுவாக்கியமையால் சந்தை விரிந்தது. விரிந்த சந்தையில் தனித்திறனுக்கு விலை கிடைத்தது.

7. மாணவரும் ஆசிரியரும் செய்யத்தக்கன

முதலீட்டாளரிடம் செல்லும் மாணவர், மறைபொருள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் பேசுவேன் என நிற்றல் வேண்டா. ஒரே மாதிரியான எண்ணங்களை நாளும் கேட்கும் முதலீட்டாளர்கள் முதற்சந்திப்பில் அதற்கு உடன்படுவதில்லை. என்ன செய்கிறது, எவருக்கு உதவுகிறது என்பதைக் கூறலாம். எவ்வாறு செய்கிறது என்னும் நுட்பத்தை உரிய காலம் வரை வைத்துக்கொள்ளலாம்.

உண்மையிலேயே புதிய தொழில்நுட்ப முறை கைவசம் இருக்குமாயின், கருத்தரங்கிலோ போட்டியிலோ வெளியிடும் முன்னரே அறிவுரை பெறுதல் நன்று. மலேசியச் சட்டம் கண்டுபிடித்தவரின் சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டுச் சலுகை தருகிறது. ஐரோப்பா அத்தகைய பொதுச் சலுகையைத் தருவதில்லை. கண்டுபிடிப்புப் படி இல்லாத சிறு புதுமைகளுக்கு ‘பயன்பாட்டுப் புத்தாக்கம்’ என்னும் எளிய பதிவும் இங்கு உண்டு.

எல்லாவற்றினும் முதன்மையானது, உரிமை யாருக்கு என்பதை எழுதி வைத்தல். நண்பர் மூவர் சேர்ந்து நிரல் எழுதும்போது பங்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் நிரல் யாருக்கு என்பவற்றை ஒரு தாளிலாவது எழுதிக் கையெழுத்திட வேண்டும். வேலையின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பு, வேறு ஒப்பந்தம் இல்லையேல் முதலாளிக்கு உரியது என்பது சட்டம். பல்கலைக்கழகங்களும் தமக்கென விதிகள் வைத்துள்ளன. திறந்தமூல நிரலைச் சேர்த்திருந்தால் அதன் நிபந்தனைகளையும் குறித்து வைக்க வேண்டும். முதலீட்டாளர் பணம் இடும் முன் துருவி ஆராய்வன இவையே. காப்புரிமை இல்லாமையால் நின்றுபோன முதலீட்டைவிட, நிரல் எவருடையது என்று காட்ட இயலாமையால் நின்றுபோகும் முதலீடு கவலைக்குரியது. பால் வெட்டிய தலைமுறைக்கு எழுதப்படாத பங்கினை, நிரல் எழுதும் தலைமுறை தானே எழுதிக்கொள்ளலாம்.

ஆசிரியர்களுக்கும் இதில் பணி உண்டு. மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தின் தளத்திலும் உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் தளத்திலும் காப்புரிமை ஆவணங்களை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். காலாவதியானவற்றை அவை பெறப்பட்ட நாட்டில் எவரும் பயன்படுத்தலாம். ஓர் எளிய கருவியின் கோரிக்கையைத் தமிழில் எழுதுமாறு மாணவர்க்குப் பயிற்சி தரலாம். குடையையோ காண்டா வாளியையோ, குன்றாமலும் மிகாமலும் ஒரே வாக்கியத்தில் வரையறுக்கச் சொன்னால், இலக்கணமும் அறிவியலும் ஒரே வகுப்பில் சந்திக்கும்.

முடிவுரை

காப்புரிமை வேண்டுமா என்னும் மாணவரின் வினாவுக்கு நாம் கூறும் விடை இது: எண்ணம் எவருக்கும் உடைமையன்று, அதனை நடத்திக் காட்டும் உழைப்புக்கே உடைமை உண்டு. அவ்வுழைப்பின் பெரும்பகுதியைப் பதிப்புரிமையும், பெயர்ப் பதிவும், எழுத்தில் அமைந்த ஒப்பந்தமும் குறைந்த செலவில் காக்கும். ஆழ்ந்த தொழில்நுட்பப் புதுமை இருந்தால் மட்டும் காப்புரிமையை நாடலாம். அதற்குமுன் செய்ய வேண்டியது, ஆக்கிய பொருளைப் பத்துப் பேரிடம் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லி, அவர்கள் கூறும் குறைகளைக் கேட்டுத் திருத்துதல். அப்பத்துப் பேர் புக்கிட் செலம்பாவிலேயே கிடைப்பர்.